இறுதி வரை எழுந்து நடமாட



விழா மலர் என்றால் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய நாள், கோபுரம் எழுந்த ஆண்டு, மணி வந்து சேர்ந்த கதை, பணியாற்றிய பங்குத்தந்தையரின் வரிசை ஆகியவை இடம் பெறுவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. வீடு வீடாகச் சென்று நோயாளரைச் சந்திக்கும் குழுவினராகிய எங்களிடம், "உங்கள் பணியின் வரலாற்றை எழுதித் தாருங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டனர். எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் வரலாறு எத்தனை சிறியது என்பதும், நாங்கள் அறியாமலே ஒரு பெரிய வரலாற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம் என்பதும் விளங்கியது. அந்தப் பெரிய வரலாற்றையே இங்கு எழுதத் துணிந்தோம். அதற்கு முன் எங்கள் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய தாய் ஒருவர் இருந்தார். மார்பில் தோன்றிய புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. பெரிய மருத்துவமனை ஒன்றில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பின்கட்டு அறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். நாங்கள் ஞாயிறுதோறும் போனோம். செபமாலை சொன்னோம். பழமும் ரொட்டியும் வைத்தோம். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் என்று தேற்றினோம். ஒரு நாள் அவர் எங்களைப் பார்த்து, "என் மெஷினை ஏங்க வித்துட்டாங்க? இந்த வலி மட்டும் கொஞ்சம் அடங்கினா நான் உக்காந்து தைப்பேனே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகும் அவர் ஏழு மாதம் உயிரோடு இருந்தார். அந்த ஏழு மாதமும் அந்த அறையிலேயே கழிந்தன.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் உண்டா? உண்டு என்பதையே இவ்வரலாறு நமக்குச் சொல்கிறது.

விருந்தினர் இல்லங்கள்

குணமாக்க முடியாத நோயாளியை மருத்துவமனைகள் ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. படுக்கைகள் குணமாகக் கூடியவர்களுக்கே என்பது அக்கால நியாயம். ஏழையாக இருந்து புற்றுநோயும் வந்துவிட்டால் அவனுக்குத் தெருவே கதி.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜான் கார்னியே என்னும் இளம் விதவை இருந்தார். கணவரையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். தம் துயரத்தில் மூழ்கிவிடாமல், தம்மைப் போன்ற விதவைகளைச் சேர்த்துக்கொண்டு 1842-ல் ஒரு சங்கம் அமைத்தார். யாரும் தொட அஞ்சிய புற்றுநோய்ப் புண்களைக் கழுவிக் கட்டுவதே அச்சங்கத்தின் பணி.

அயர்லாந்தில் மேரி ஐகன்ஹெட் அம்மையார் 1815-ல் பிறரன்புச் சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தார். அவர் தம் இறுதி ஆண்டுகளை நோயாளியாகக் கழித்து 1858-ல் உயிர் நீத்தது டப்ளின் நகரின் ஹெரால்ட்ஸ் கிராஸ் என்னும் இடத்தில் இருந்த மடத்தில். அதே இடத்தில் 1879-ல் அவருடைய சகோதரிகள் தீராத நோயாளருக்காக இல்லம் ஒன்றைத் திறந்தனர். அதற்கு 'ஹாஸ்பிஸ்' என்று பெயர். விருந்தினரை வரவேற்று உபசரிக்கும் இடம் என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 'வாசலுக்கு வந்தவன் விருந்தாளி' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அச்சொல்லின் அருமையை விளக்கவும் வேண்டுமோ?

அமெரிக்காவில் புகழ்பெற்ற நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதார்னின் மகள் ரோஸ், கத்தோலிக்கராக மனம் மாறியவர். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் அஞ்சிய காலம் அது. அவர் 1896-ல் செவிலியர் பயிற்சி பெற்று, நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்பில் குடியேறி, அந்நோயாளருக்குப் பணிவிடை செய்தார். 1900-ல் டொமினிக்கன் சபைத் துறவியானார். அவர் நிறுவிய சகோதரிகள் சபை இன்றும் நோயாளரிடம் கட்டணம் வாங்காமல் அப்பணியைச் செய்து வருகிறது.

டப்ளின் சகோதரிகள் கடல் கடந்து இலண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து, ஹாக்னி என்னும் இடத்தில் 1905-ல் புனித சூசையப்பர் இல்லத்தைத் திறந்தனர். இப்பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இங்கே மீண்டும் வரும்.

இந்த இல்லங்களில் அன்பு இருந்தது, தூய்மை இருந்தது, செபம் இருந்தது. ஆனால் அன்பு மட்டும் வலியை அடக்கிவிடாது. சகோதரிகளின் கையில் இருந்த மருந்து அறிவு அக்காலத்து அறிவுதான். அந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஒரு ஜன்னலுக்கான பணம்

சிசிலி சாண்டர்ஸ் 1918-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது செவிலியரானார். முதுகு நோவு அவரை அப்பணியைத் தொடர விடவில்லை. எனவே மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறினார். அப்போது அவர் பொறுப்பில் வந்த நோயாளி டேவிட் டாஸ்மா. வார்சாவிலிருந்து வந்த யூதர். உணவு விடுதிப் பணியாளர். நாற்பது வயதளவில் தீராத புற்றுநோய். பெரிய நகரத்தில் தன்னந்தனி. தம்மைப் போன்றவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். 1948-ல் அவர் இறந்தபோது தம் சேமிப்பு 500 பவுனை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்தார். நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்பது அவர் சொன்னதன் கருத்து.

வீடோ இல்லை, நிலமோ இல்லை. ஜன்னலுக்கு மட்டும் பணம் வந்துவிட்டது! நம் கோயில்களில் கூரை போடும் முன்னரே யாரோ ஒரு கைம்பெண் மணிக்கென்று காசு கொடுத்த கதைகள் நமக்குத் தெரியும் அல்லவா? அதுபோல்தான் இதுவும்.

நோயாளரின் வலியைப் பற்றி எதையாவது செய்ய வேண்டுமானால் மருத்துவராகவே வேண்டும் என்று அறுவை மருத்துவர் ஒருவர் சாண்டர்ஸுக்கு அறிவுரை கூறினார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படிக்கப் புகுந்து, 1957-ல் தேறினார். அடுத்த ஆண்டு அவர் ஆராய்ச்சிக்குச் சென்ற இடம், நாம் முன்பு கூறிய அதே ஹாக்னி புனித சூசையப்பர் இல்லம். சகோதரிகளின் பரிவும் மருத்துவரின் அறிவும் அங்கே கைகோத்தன.

கடிகாரம் பார்த்துக் கொடுத்த மருந்து

வலி மீறி நோயாளி துடித்து, அழைப்பு மணியை அடித்து, கெஞ்சிக் கேட்ட பின்னரே மார்பின் ஊசி போடுவதுதான் அக்காலத்தில் மருத்துவமனைகளின் வழக்கம். மருந்து இறங்கியதும் வலி மீண்டும் ஏறும். நோயாளியின் நாள் முழுவதும் அடுத்த ஊசியை எதிர்பார்ப்பதிலேயே கழியும். சாண்டர்ஸ் இவ்வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். வலி திரும்பி வரும் முன்பே, கடிகாரத்தைப் பார்த்து, அளவறிந்து, இயன்றவரை வாய் வழியாகவே மருந்தைக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் நிலையைக் குறிப்பேடுகளில் பதிந்து வைத்தார்.

கண்டது என்ன? முறையாகக் கொடுத்த மருந்து அவர்களை மயக்கத்தில் ஆழ்த்தவில்லை. மாறாக, வலியோடு மல்லாடிக் களைத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள். அடிமையாகிவிடுவார்கள் என்ற பயமும் பெரும்பாலும் வீண் என்று தெரிந்தது. வலி என்பது உடலோடு நிற்பதில்லை. மனக் கவலை, குடும்பக் கவலை, கடவுளைப் பற்றிய கேள்வி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முழு வலி என்றும் அவர் கற்பித்தார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி தெரியாமல் புரளும் தகப்பனுக்கு மாத்திரை மட்டும் போதாது என்பதை நாம் அறிவோம்.

1967-ல் தென் இலண்டனில் சிடனம் என்னும் இடத்தில் புனித கிறிஸ்டோபர் இல்லம் 54 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. டேவிட் டாஸ்மாவின் ஜன்னலும் அங்கே வைக்கப்பட்டது. பணம் வந்து ஜன்னல் வர 19 ஆண்டுகள்! 1969-ல் அங்கிருந்து செவிலியர் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர். 2005-ல் சாண்டர்ஸ் அம்மையார் புற்றுநோயால் இறந்ததும் தாம் கட்டிய அந்த இல்லத்தில்தான்.

வலியைத் தணிப்பது விசுவாசத்துக்குக் குறைவா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. மருத்துவர்களிடையேயும் இக்கேள்வி எழுந்தது. 1957-ல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், மயக்கவியல் மருத்துவர்களின் கேள்விகளுக்கு விடை கூறும்போது, வேறு வழியில்லாத இடத்தில் வலி அடக்கும் மருந்தைப் பயன்படுத்துவது தகும் என்று தெளிவாக்கினார். 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இச்சிகிச்சையைத் தன்னலமற்ற பிறரன்பின் ஒரு சிறந்த வடிவமாக மதித்து, அதை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. நாங்கள் அந்தத் தாயிடம் வலியை ஒப்புக்கொடுக்கச் சொன்னது தவறன்று. வலியைக் குறைக்க வழி தேடாமல் அதை மட்டும் சொன்னதே தவறு.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

கனடாவின் மான்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், சாண்டர்ஸிடம் கற்றுச் சென்று, 1975-ல் ஒரு பெரிய மருத்துவமனைக்குள்ளேயே இப்பணியைத் தொடங்கினார். பிரெஞ்சு பேசும் அந்நகரில் 'ஹாஸ்பிஸ்' என்றால் ஆதரவற்றோர் விடுதி என்று மக்கள் எண்ணினர். எனவே அவர் 'பாலியேட்டிவ்' என்ற சொல்லைத் தேர்ந்தார். 'பாலியும்' என்றால் இலத்தீனில் மேலங்கி. குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியைக் கிழித்துப் பாதியைப் போர்த்திய புனித மார்ட்டீனை நினைத்துக்கொண்டால் சொல்லின் பொருள் மறக்காது. நம் தமிழில் இதனை ஆதரவு சிகிச்சை என்கிறோம்.

அதே 1975-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் புனித லூக்கா இல்லத்தார் பகல் நேர மையம் ஒன்றைத் தொடங்கினர். நோயாளர் காலையில் வந்து, மருந்தும் பயிற்சியும் கைவேலையும் நண்பர் கூட்டமும் பெற்று, மாலையில் வீடு திரும்பினர். சாகப் போகிறவர் படுக்க வேண்டியவர் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. நியூயார்க்கில் ஹெர்பர்ட் டீட்ஸ் என்னும் மருத்துவரும் அக்காலத்தையொட்டியே, நோய் முற்றிய நிலையிலும் உடற்பயிற்சிக்கும் மறுவாழ்வுக்கும் இடம் உண்டு என்று எழுதினார். 1986-ல் உலக நல நிறுவனம் புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் மூன்று படி முறையை வெளியிட்டது. அதே நிறுவனம் பின்னர் ஆதரவு சிகிச்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, இறக்கும் வரை நோயாளி தம்மால் இயன்ற அளவு சுறுசுறுப்பாக வாழத் துணை நிற்பதும் அதன் பகுதி என்று எழுதி வைத்தது.

இது எப்படி முடியும்? பெரிய இயந்திரங்கள் தேவையில்லை, கவனம் வேண்டும். எலும்பு வலிக்குப் பல வேளைகளில் ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சே நல்ல பலன் தரும். மார்பின் கொடுக்கும்போது மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து கொடுத்தால் வயிற்றுத் தொல்லையால் நோயாளி சுருண்டு படுக்க மாட்டார். மூச்சு வாங்குபவருக்கு ஜன்னலோர இருக்கையும், முகத்துக்கு நேரே சிறு விசிறியின் காற்றும் ஆறுதல். களைப்பு உள்ளவர் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கலாம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தமக்குப் பிடித்த வேலையை வைத்துக்கொண்டு, மற்றதைப் பிறரிடம் விடலாம். நாளெல்லாம் படுத்தே இருந்தால் தசை கரைந்து களைப்பு கூடும். திண்ணை வரை நான்கு எட்டு நடந்தாலும் நன்மையே. எலும்பில் நோய் பரவியிருந்தால் மட்டும் எந்த அளவு நடக்கலாம் என்று மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகு வலியோடு கால்கள் திடீரென்று வலுவிழந்தால், சிறுநீர் நின்றுபோனால், மறுநாள் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2010-ல் பாஸ்டன் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதனோடு ஆரம்பம் முதலே ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பகுதியினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. வாழ்வின் தரம் உயர்ந்தது. கடும் சிகிச்சைகள் குறைந்தும், நடுத்தர ஆயுள் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. ஆதரவு சிகிச்சை என்றால் கைவிடுவது என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் நாட்டில்

1986-ல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேதனா ஆசிரமம் நம் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் போதைப் பொருள் தடைச் சட்டம் வந்திருந்தது. அதன்கீழ் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. மருந்துக்காகவே அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம் நாடு. அந்நாட்டின் ஏழை நோயாளி ஒரு மாத்திரைக்கு ஏங்கினான்! 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது.

இதற்கிடையே 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி நிவாரண ஆதரவு சங்கத்தைத் தொடங்கினர். நாளடைவில் கேரளத்தின் சிற்றூர்களில் ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள் பயிற்சி பெற்று, அக்கம் பக்கத்து நோயாளரைத் தாங்களே கவனிக்கத் தொடங்கினர். 2008-ல் அம்மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் இடம் பெற்றுள்ளன. ஆகவே கேட்டால் கிடைக்கும். நாம்தான் கேட்கத் தெரியாமல் இருக்கிறோம்.

நம் பங்கில்

நம் முன்னோர் 'அவஸ்தைப்பூசுதல்' என்று ஓர் அருட்சாதனத்தைச் சொல்வார்கள். சாமியார் எண்ணெயோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஒப்பாரி தொடங்கிவிடும். அதற்கு அஞ்சியே பலர் மூச்சு அடங்கும் வரை குருவை அழைக்க மாட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனை 'நோயில்பூசுதல்' என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972-ல் 6-ஆம் சின்னப்பர் புதிய சடங்கு முறையை ஏற்படுத்தினார். சாவின் அடையாளமாக இருந்தது நோயாளிக்குத் திடமளிக்கும் அருட்சாதனமாக விளங்கிற்று. ஆனாலும் பழைய பயம் இன்னும் முற்றிலும் போகவில்லை. ஆதரவு சிகிச்சைக்கும் இதே விதிதான். 'அதற்குள் அந்த மருத்துவரையா கூப்பிடுவது?' என்று தள்ளிப் போடுகிறோம். கடைசி வாரத்தில் அழைத்தால் கடைசி வாரத்துக்கு மட்டுமே உதவ முடியும். முன்பே அழைத்தால் மாதங்களை மீட்டுத் தர முடியும்.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். ஆண்டுதோறும் நம் கோயிலில் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டும் பெரியவர் ஒருவருக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றியிருந்தது. இம்முறை நாங்கள் பழத்தோடு மட்டும் போகவில்லை. ஆதரவு சிகிச்சை மருத்துவரின் முகவரியோடு போனோம். குடும்பத்தார் முதலில் தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள். மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே, மரத்தடியில் இளைஞர்கள் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். அதில் ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கோயிலுக்கு வந்தார். குடிலருகே அமர்ந்தபடி, வைக்கோலை எங்கே பரப்புவது, எந்த ஆட்டை எங்கே நிறுத்துவது என்று கையால் காட்டினார். நம் பையன்களைச் சத்தம் போட்டுத் திட்டவும் செய்தார். மார்ச் மாதம் அவரை அடக்கம் செய்தோம். அந்த நாற்காலியை எடுக்க இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் நோய் குணமாகவில்லை. ஆனால் அவர் தம் வேலையைச் செய்தார்.

அன்பர்களே! உங்கள் வீட்டிலோ அக்கம் பக்கத்திலோ, 'இனி ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பப்பட்டவர் இருந்தால், செய்ய வேண்டியவை அப்போதுதான் தொடங்குகின்றன என்று எண்ணுங்கள். காலம் தாழ்த்தாமல் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவருடைய தையல் இயந்திரத்தை விற்றுவிடாதீர்கள். ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போடுங்கள்.

அந்தத் தாயின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக. அவர் கேட்ட கேள்வியை நம் பங்கு மறவாதிருப்பதாக.